தண்ணி காட்டிய மோட்டார்

மோட்டார் என்ற வஸ்துவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான். மொட்டை மாடி டேங்க் நிரம்பி, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி மேல் வழிந்து, பக்கத்து வீட்டு மாமி குரல் கொடுத்ததும் ஓடிப் போய் அதன் ஸ்விட்சை அணைக்க வேண்டும். நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் கேளுங்கள், சொல்கிறேன். (கொஞ்சம் டைம் கொடுத்தால்.)

ஆனால் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஜனங்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது பாருங்கள், அதுதான் ஆபத்து. அதைவிடப் பெரிய ஆபத்து, எழுதுகிறவனுக்கே அந்த நம்பிக்கை வந்துவிடுவது.

எனக்கு வந்தது. அதன் விலை ரூபாய் 3,800. விவரம் வருமாறு.

* * *

மடிப்பாக்கத்தில் எங்கள் வீடு முதல் மாடி. தரைத்தளத்தில் மாவு அக்கா. நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, தெருவில் யாருக்கும் தெரியாது. மத்தியானம் ஒன்றரை மணிக்கு அக்காவின் கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் என் பகல் தூக்கம் போச்சு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மாவு பாக்கெட்டுகளைக் கட்டைப் பையில் அடுக்கி மடிப்பாக்கம், புழுதிவாக்கம், நங்கநல்லூர் என்று பெட்டிக்கடை பெட்டிக்கடையாக நடப்பார். ஒரே பெண். காலேஜில் படிக்கிறாள். அவளும் பி.காம்.தான், பாவம்.

2023 ஜூனில் அக்கா ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினார். லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது என்கிற ரகம். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு வாரம் பழகி, இரண்டு தரம் விழுந்து, மூன்றாவது வாரம் முப்பது கிலோ மாவோடு தெருவில் வளைந்து திரும்பியபோது என் மனைவி பால்கனியிலிருந்து கை தட்டினாள். நான் மோட்டார் சைக்கிள் கற்றுக்கொண்டபோது அவள் கை தட்டியதாக நினைவில்லை.

அன்று ராத்திரி அக்கா கம்பெனிக்காரன் கொடுத்த வழவழ காகிதத்தோடு மாடிக்கு வந்தார்.

"தம்பி, ஒரு சந்தேகம். மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளயே இருக்குதாமே. நம்ம தெருவுல மழை பேஞ்சா தண்ணி நிக்கும். அப்ப நேரா மோட்டார்லதான படும்?"

யோசித்துப் பார்த்தால் ஒரு இன்ஜினீயர் கேட்க வேண்டிய கேள்வி. "தெரியலையே அக்கா, விசாரிச்சுச் சொல்றேன்" என்று நான் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

நான் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். நடுவில், பூப்போட்ட வட்டத்துக்குள், கொட்டை எழுத்தில் 'ஐ.பி. 67'. எனக்குத் தெரிந்த சமாசாரம்! எங்கோ படித்திருந்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"அக்கா, இது சர்வதேசக் கணக்கு. முதல் நம்பர் தூசிக்கு. ஆறுன்னா துளிகூட உள்ள போகாது. அதுக்கு மேல நம்பரே கிடையாது. ரெண்டாவது நம்பர் தண்ணிக்கு. ஏழுன்னா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் முழுகிக் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. நம்ம தெருவுல முழங்கால் அளவுதானே நிக்கும்? தாராளமா போங்க!"

"ஒண்ணும் ஆகாதா?"

"ஒண்ணும் ஆகாது."

"படிச்சவங்க சொன்னா சரிதான்" என்று அக்கா இறங்கிப் போனார்.

என் மனைவி அடுக்களையிலிருந்து, "உங்களுக்கு நிஜமாவே தெரியுமா, இல்ல வழக்கம் போலவா?" என்றாள். பதில் சொல்வது என் கௌரவத்துக்குக் குறைவு என்பதால் டி.வி.யைப் போட்டேன்.

* * *

அந்த நவம்பரில் ஒரு சாயங்காலம் வானம் பொத்துக்கொண்டது. அக்கா ஏழெட்டுக் கடை சுற்றிவிட்டு, சூடான மோட்டாரோடு திரும்பி வந்தால் தெரு முனையில் முழங்கால் தண்ணீர். மாவு அக்காவுக்கு என் வாக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நேரே விட்டார். சக்கரம் பாதிக்கு மேல் முங்க, முன்னால் அலை அடிக்க, வண்டி ஓடம் போல வந்து கேட்டுக்குள் நுழைந்தது.

"தம்பி சொன்ன மாதிரியே ஒண்ணும் ஆகல!" என்று அக்கா கீழேயிருந்து கத்த, நான் பால்கனியில் நின்று, விண்வெளிக்கு ராக்கெட் விட்ட விஞ்ஞானி போல அடக்கமாகப் புன்னகைத்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "சக்கரத்துல சேறு காய்ஞ்சா கெட்டியாயிடும் அக்கா. நாளைக்கு ஒரு வாட்டர் வாஷ் கொடுத்துடுங்க" என்று இலவச இணைப்பாக இன்னொரு யோசனையும் சொன்னேன்.

அக்கா மறுநாளே கொடுத்தார். துப்பாக்கி மாதிரிக் குழாயில் பீய்ச்சியடித்து, பின் சக்கரம் புதுசு போல மின்னியது.

இரண்டு வாரம் வண்டி ஒழுங்காக ஓடியது. மூன்றாவது வாரம், கிளம்பும்போது 'திடுக்' என்று ஒரு குலுக்கல். பிறகு இரண்டு குலுக்கல். பிறகு, முறுக்கினால் முன்னால் போகலாமா பின்னால் போகலாமா என்று தெரியாத எருமை மாதிரி நின்ற இடத்திலேயே உதறல். நவம்பர் 28-ம் தேதி, நங்கநல்லூரில், இருபத்திரண்டு பாக்கெட் மாவோடு நின்றேவிட்டது. அக்கா அதைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

"வாரண்டி இருக்கில்ல?" என்றேன்.

இருந்தது. அதில் 'உள்ளே தண்ணீர் புகுந்ததால் ஏற்படும் பழுது நீங்கலாக' என்றும் இருந்தது. கம்பெனிக்காரர் சொன்ன புது மோட்டாரின் விலையைக் கேட்டதும் அக்கா ஒன்றும் பேசாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் பரீட்சை ஃபீஸ் கட்ட அடுத்த வாரம் கடைசி நாள்.

* * *

வைண்டிங் கடை பாயிடம் வண்டியைக் கொண்டுபோனோம். மிக்ஸி, ஃபேன், கிணற்று மோட்டார் என்று முப்பது வருஷமாகக் காயில் கட்டுகிறவர். இப்போது எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் பார்க்கிறார். பின் சக்கரத்தைக் கழற்றி மேஜை மேல் படுக்க வைத்து, பக்கவாட்டு மூடியின் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்தார். மூடி விலகியதும் உள்ளேயிருந்து செம்பழுப்பு நிறத்தில் ஒரு திரவம் கொட்டியது. அரை டம்ளர் இருக்கும்.

"சார் டீ சாப்பிடறீங்களா?" என்றார் பாய், சிரிக்காமல்.

பிறகு அவர் காட்டிய விஷயத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஃபேன் மாதிரிதான். நடுவில் அச்சு. அச்சோடு சேர்ந்து நிற்கும் இரும்புத் தகட்டு அடுக்கில் செப்புக் கம்பிச் சுருள்கள். அதைச் சுற்றி ஓடும் சக்கரத்தின் உள் விளிம்பில் வரிசையாகக் காந்தங்கள். கம்பியில் கரண்ட் மாறி மாறி வரும்போது காந்தம் இழுபடும், சக்கரம் சுற்றும். உரசித் தேய கார்பன் பிரஷ் கிடையாது.

கார்பன் பிரஷ் இல்லையென்றால், எந்த நேரத்தில் எந்தச் சுருளுக்குக் கரண்ட் விடுவது என்று யார் சொல்வது? அதற்குத்தான் உள்ளே மிளகாய் விதை மாதிரி மூன்று ஹால் சென்சார்கள். காந்தம் இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்வது அவற்றின் வேலை. தண்ணீர் பட்டு அவற்றின் கால்கள் பச்சை பூத்து, ஆளுக்கு ஒன்று சொல்ல ஆரம்பித்தால் மோட்டார் உதறும். அம்மா, மனைவி, மாமியார் மூன்று பேரும் மூன்று வழி சொன்னால் நாம் எப்படி நிற்போம்? அப்படி.

"ஆனா பாய், அன்னிக்கு தண்ணில போனப்போ நல்லா ஓடுச்சே! ரெண்டு வாரம் ஓடுச்சே!"

"தண்ணி உடனே கொல்லாது சார். துரு பிடிக்க நாள் ஆகும்ல? பேரிங், இரும்புத் தகடு, காந்தம், எல்லாத்தையும் மெதுவாத் தின்னும். முழுகின அன்னிக்கே கழட்டியிருந்தா துடைச்சு, காய வச்சு, நூறு எரநூறுல முடிஞ்சிருக்கும். ஓடுதேன்னு விடறாங்க பாருங்க, அதான் தப்பு."

"அதுசரி, எப்படி உள்ள போச்சு? மூடிதான் இறுக்கமா இருக்கே?"

பாய் அக்காவைப் பார்த்துத் திரும்பினார். "அக்கா, சாம்பாரை சூடா டப்பால ஊத்தி மூடி வச்சா, ஆறின பிறகு மூடி திறக்க வருமா?"

"வராது. கவ்விக்கும்."

"ஏன்?"

"உள்ள இருக்கற சூட்டுக் காத்து ஆறிச் சுருங்கிடும். மூடியை உள்ள இழுத்துக்கும்."

"அதேதான். பாரம் ஏத்தி ஓட்டி, மோட்டார் கொதிக்குது. அப்படியே பச்சைத் தண்ணில இறக்கினீங்க. உள்ள காத்து சுருங்குது. ஒயர் போற ஓட்டை வழியா, பேரிங் இடுக்கு வழியா, தண்ணியை உறிஞ்சுது. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற மாதிரி."

மாவு அக்காவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இரண்டாவது தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்ப ஐ.பி. 67?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டேன்.

பாய் அந்த வழவழ காகிதத்தை வாங்கிக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். கொட்டை எழுத்து ஏழுக்கு மேலே, கொசு முட்டை அளவில் ஒரு நட்சத்திரம். காகிதத்தின் அடியில், கொசுவே படிக்க முடியாத எழுத்தில்: 'பேட்டரிக்கு மட்டும்'.

எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்னும் பொடி எழுத்தைப் படியுங்கள் என்று இதே பகுதியில் உங்களுக்கு எத்தனை தரம் உபதேசம் செய்திருப்பேன்! பூமி பிளந்து சீதையை ஏற்றுக்கொண்டது. நங்கநல்லூரில் அந்த வசதி இல்லை.

* * *

வீட்டுக்கு வந்ததும், இனிமேலாவது ஒழுங்காகப் படிப்போம் என்று அந்தக் கணக்கைத் தேடிப் படித்தேன். ஐ.இ.சி. 60529 என்பது அந்தத் தரத்தின் பெயர். அதில் ஏழு என்பதற்கு நான் சொன்ன அர்த்தம் சரிதான்: ஒரு மீட்டர், அரை மணி நேரம். ஆனால் முக்கியமானதை நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வேன்?

சோதனை செய்வது சும்மா நிற்கிற தண்ணீரில். அதுவும் நல்ல தண்ணீர். நம் தெருவில் நிற்பது எது எதுவெல்லாம் கலந்தது என்று உங்களுக்கே தெரியும். இன்னொரு விதி, தண்ணீரின் சூட்டுக்கும் முழுகும் பொருளின் சூட்டுக்கும் ஐந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதாவது அக்காவின் கொதிக்கிற மோட்டாருக்கும் அந்தப் பரீட்சைக்கும் சம்பந்தமே இல்லை!

அடுத்தது இன்னும் அழகு. ஏழு பாஸானால் ஆறும் ஐந்தும் தானாகப் பாஸ் என்று அர்த்தமில்லை. ஐந்தும் ஆறும் குழாயில் பீய்ச்சியடிப்பதற்கான பரீட்சை. ஏழு முங்குவதற்கு. முங்குவதில் தேறியது பீய்ச்சுவதில் தோற்கலாம். இரண்டிலும் தேறியிருந்தால் இரண்டு நம்பரையும் போட வேண்டும். கணக்கில் சென்டம் வாங்கியவன் தமிழில் ஃபெயிலாவது போல. ஆக, என் வாட்டர் வாஷ் யோசனை, விழுந்தவனை எழுப்பி மறுபடியும் உதைத்த மாதிரி.

இந்த நேரம் பார்த்து கோயமுத்தூர் சித்தப்பாவிடமிருந்து போன். பம்புசெட் ஊர்க்காரர் அல்லவா, விஷயத்தைக் கேட்டதும் கொதித்துவிட்டார்.

"ஏங் கண்ணு, நம்ம தோட்டத்துல போர்வெல் மோட்டாரு பன்னெண்டு வருசமா தண்ணிக்குள்ளயே கெடக்குது. ஒரு நாள் மக்கர் பண்ணுனதில்ல. முழங்கா தண்ணிக்கே மோட்டாரு போச்சுன்னா, அது மோட்டாரா, பொரி உருண்டையா?"

நியாயமான கேள்வியாகப் பட்டது. பாயிடம் போய்க் கேட்டேன்.

"போர்வெல் மோட்டார் பொறக்கும்போதே நீச்சல் தெரிஞ்சு பொறந்தது சார். அதுக்குள்ள நாமளே நல்ல தண்ணி ரொப்பித்தான் இறக்குவோம். கம்பி மேல தண்ணி புகாத பிளாஸ்டிக் உறை இருக்கும். அந்தத் தண்ணிதான் அதுக்கு கூலிங், அதுதான் பேரிங்குக்கு எண்ணெய் மாதிரி. உள்ள சென்சார் கிடையாது. உங்க வண்டில இருக்கறது எனாமல் கம்பி, மேல வார்னிஷ். இது நீச்சல் தெரியாத புள்ள. ரெயின் கோட் மாட்டி அனுப்பியிருக்காங்க. ரெயின் கோட் போட்ட புள்ளைய மெரினாவுல இறக்கி விடலாமா?"

சித்தப்பாவுக்கு இதை அப்படியே சொன்னேன். "அதான பாத்தேன்!" என்றார், முதலிலிருந்தே தெரிந்தவர் போல. எங்கள் குடும்பத்து ரத்தம்.

* * *

நான்கு நாள் வேலை என்று பாய் சொல்லியிருந்தார். நடுவில் மிக்ஜாம் வந்தது. 2023 டிசம்பர் 3-ம் தேதி ராத்திரி ஆரம்பித்த மழை மறுநாள் ராத்திரி வரை விடவில்லை. 5-ம் தேதி புயல் ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரை கடந்துவிட்டது என்று ரேடியோ சொன்னபோது, எங்கள் தெரு கரையே இல்லாமல் கிடந்தது. கரண்ட் இல்லை. அக்கா வீட்டுக்குள் கெண்டைக்கால் வரை தண்ணீர். கிரைண்டரை மேஜை மேல் ஏற்றிவிட்டு அக்காவும் பெண்ணும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பாய் கடை உயரமான படிக்கட்டு வைத்தது. ஸ்கூட்டர் அங்கே பத்திரமாக இருந்தது, அது ஒன்றுதான் ஆறுதல்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தப் பெண் அக்கவுண்டன்சி படித்தாள். நான் பேச்சை இன்ஷூரன்ஸ் பக்கம் திருப்பினேன். அதுதானே என் ஏரியா?

"வெள்ளத்துக்கு க்ளெய்ம் பண்ணலாமே!"

"அண்ணா, எங்க வண்டிக்கு இன்ஷூரன்ஸே கிடையாது" என்றாள்.

வாஸ்தவம். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம் என்றால், 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின் கணக்கில் அது மோட்டார் வாகனமே இல்லை. அதனால்தான் லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், கட்டாய இன்ஷூரன்ஸும் வேண்டாம். வாங்கும்போது சௌகரியமாக இருந்தது, முழுகும்போது அநாதையாகிவிட்டது.

நம்பர் பிளேட் வைத்த எலெக்ட்ரிக் வண்டிக்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் எடுத்திருந்தால் உங்கள் வண்டி முழுகியதற்கு ஒரு பைசா வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்தால்தான் வெள்ளம் அதில் அடங்கும். அதிலும் முழுகிய வண்டியை நாமே 'ஆன்' பண்ணி அதனால் கெட்டுப் போனது என்றால், 'அது வெள்ளத்தால் வந்ததல்ல, உன்னால் வந்தது' என்று வாதாட இடமுண்டு. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தனியாகக் கூடுதல் பாலிசி விற்கிறார்கள். பிளாஸ்டிக், ரப்பர், டயருக்கெல்லாம் வழக்கமாகத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துக்கொள்வார்கள். பொடி எழுத்தைப் படியுங்கள். (நான் சொல்வதற்காக அல்ல, எனக்கு நேர்ந்ததற்காக.)

அன்று ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அக்காவிடம் சொன்னேன். "அக்கா, தப்பு என்னோடது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"விடுங்க தம்பி. நீங்க நல்லதுதானே நினைச்சீங்க" என்றார் அக்கா.

'ஏண்டா படுபாவி' என்று திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

* * *

பதினோரு நாள் கழித்து வண்டி வந்தது. சுருளைக் கழுவி, பல்பு எரியும் பெட்டியில் காய வைத்து, புதிதாக வார்னிஷ் முக்கி, மூன்று சென்சாரும் இரண்டு பேரிங்கும் மாற்றியிருந்தார் பாய். பில் 3,800 ரூபாய். கூடவே வாயால் சொன்ன பஞ்ச சீலத்தை நான் எழுதி வாங்கிக்கொண்டேன். எலெக்ட்ரிக் வண்டி வைத்திருப்பவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: சக்கரத்தின் நடு அச்சுதான் லட்சுமணன் கோடு. ஒயர் உள்ளே போவது அந்த வழியாகத்தான். தண்ணீர் அச்சைத் தொடும் என்று தெரிந்தால் திரும்பிவிடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் ஓரமாக நிறுத்தி மோட்டாரை ஆற விடுங்கள். தொட்டுப் பார்த்துச் சூடு இல்லையென்றால் மெதுவாகக் கடக்கலாம்.

இரண்டு: கழுவுவதற்கு பக்கெட், மக்கு, பழந்துணி. துப்பாக்கிக் குழாயை அச்சுப் பக்கமும் ஒயர் இணைப்புப் பக்கமும் காட்டவே கூடாது. சூடாக இருக்கும்போது கழுவவும் கூடாது.

மூன்று: மோட்டாருக்குள் போகும் ஒயர், போகுமுன் ஒரு தொட்டில் மாதிரி கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். அப்போது ஒயர் வழியே வழியும் தண்ணீர் தொட்டிலின் அடியிலேயே சொட்டிவிடும். நேராகச் சரிந்து இறங்கினால் நீங்களே தண்ணீருக்கு ரோடு போட்டுக் கொடுத்த மாதிரி. செலவு: ஒரு பிளாஸ்டிக் டேக்.

நான்கு: வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னால் மூடி விளிம்பையும் ஒயர் நுழையும் வாயையும் பார்த்து, சிலிகான் பசையால் அடைக்க வேண்டும். பேரிங் மாற்றினால் இரும்பு மூடி போட்ட 'இஸட் இஸட்' வேண்டாம். ரப்பர் மூடி போட்ட '2 ஆர்.எஸ்.' கேளுங்கள். ஒயர் இணைப்புகளுக்கு அதற்கென்று விற்கிற டைஎலெக்ட்ரிக் கிரீஸ். வாரண்டி உள்ள வண்டியென்றால் நீங்களே திறக்காதீர்கள். கம்பெனி சர்வீஸில் செய்யச் சொல்லுங்கள்.

ஐந்து: முழுகிவிட்டதா? ஆன் பண்ணாதே. சார்ஜ் போடாதே. எம்.சி.பி.யை இறக்கு. கழற்றுகிற பேட்டரி என்றால் கழற்று, ஆனால் நனைந்த பேட்டரியை வீட்டுக்குள் கொண்டு வராதே, திறந்த வெளியில் வை. நன்றாக ஓடினாலும் அந்த வாரமே மோட்டாரைத் திறந்து பார்க்கச் சொல்.

"பாய், மோட்டார் மூடியில கீழ ஒரு ஓட்டை போட்டுட்டா, போன தண்ணி தானா வெளிய வந்துடாதா?" என்று என் மூளையைக் கசக்கிக் கேட்டேன்.

"போடறவங்களும் இருக்காங்க சார். ஆனா ஓட்டைக்கு எது உள்ள, எது வெளியன்னு தெரியாது. வந்த வழியே திரும்பவும் போகும். ஒண்ணு முழுசா அடை, இல்ல நனைஞ்சா நனையட்டும்னு திறந்து விட்டு அடிக்கடி பாரு. ரெண்டுங்கெட்டானா இருக்கக் கூடாது."

மோட்டாருக்கு மட்டும் சொன்ன மாதிரி தெரியவில்லை.

* * *

பில்லில் பாதி, 1,900 ரூபாய், நான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றேன். அக்கா கடைசியில் வாங்கிக்கொண்டார். ஆனால் நோட்டை எடுத்து என் கண் முன்னாலேயே 'மாடி வீட்டுத் தம்பி - அட்வான்ஸ்' என்று எழுதினார். பாக்கெட் 40 ரூபாய். 1,900-க்கு நாற்பத்தேழரை பாக்கெட். வாரத்துக்கு இரண்டு பாக்கெட்டாக அடுத்த மே மாதம் வரை எங்கள் வீட்டில் இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம், மறுபடியும் இட்லி. கடைசி அரை பாக்கெட்டுக்கு முழு பாக்கெட்டாகவே கொடுத்துக் கணக்கை முடித்தார். எனக்கு 20 ரூபாய் லாபம். பெண் பரீட்சை எழுதி அக்கவுண்டன்சியில் நல்ல மார்க் வாங்கினாள். என்னிடம் சந்தேகம் கேட்காததுதான் காரணம் என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

2024 அக்டோபர் மத்தியில் மறுபடியும் கன மழை எச்சரிக்கை. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் காரை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்று சாயங்காலம் நான் குடையோடு வீடு திரும்பி மாடி ஏறினால், எங்கள் வாசலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அக்காவின் ஸ்கூட்டர் ஓரமாக நிற்கிறது! பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து மேன்ஷன் பையன்கள் நாலு பேரை வைத்துத் தூக்கி ஏற்றியிருக்கிறார். கூலி, ஆளுக்கு ஒரு பாக்கெட் மாவு.

"என்ன அக்கா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அக்கா வண்டியின் ஸீட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஐ.பி. அறுபத்தேழோ எழுபதோ இருந்துட்டுப் போகட்டும் தம்பி. மாடிப்படி பதினெட்டு. அது போதும் எனக்கு."